பி.பி. நம்பரில் இயங்கும் இன்டர்நெட்

கோட்டூர்புரத்தில், அடையாற்றுக்கும் காந்தி மண்டபம் சாலைக்கும் நடுவே உள்ள அடுக்குமாடிகளில் ஏதாவது ஒரு வீட்டுக்குள் போய், அங்கே வைஃபையில் இணைந்திருக்கும் செல்போனின் ஐபி முகவரியைப் பாருங்கள். 192.168.1.5 என்றோ 192.168.0.12 என்றோ இருக்கும். எதிர் வீட்டிலும் ஒரு 192.168.1.5 இருக்கும். மாடி வீட்டிலும் இருக்கும். ஆற்றைத் தாண்டி நந்தனத்தில் இருக்கும். யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் இருக்கும். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கருவிகள் இந்த ஒரே எண்ணைச் சூடிக்கொண்டிருக்கின்றன. ஆனாலும் நீங்கள் கேட்ட பாட்டு பக்கத்து வீட்டு போனுக்குப் போய்விடுவதில்லை.

அந்தக் குழப்பம் நேராமல் பார்த்துக்கொள்வது வரவேற்பறை மூலையில் விளக்கு மினுக்கும் ரூட்டர். உண்மையில் அது ஒரு சின்னக் கணினி. அதற்குள் ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ் என்ற இயங்குதளம். கணினித் துறையில் வேலை பார்க்காத குடும்பம்கூட இன்று ஒரு லினக்ஸ் கணினியை இரவு பகலாக ஓட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் தனி வலையமைப்பையும் வெளியே இருக்கும் இன்டர்நெட்டையும் இணைக்கும் இந்த இடத்துக்கு கேட்வே என்று பெயர். அது செய்யும் வேலையையும், செய்ய மறுக்கும் வேலையையும் தெரிந்துகொண்டால், நாம் காசு கொடுத்து வாங்கும் இன்டர்நெட் முழு இன்டர்நெட்தானா என்ற கேள்வி தானாக எழும்.

முதலில் முகவரிப் பஞ்சம். 1981இல் வகுக்கப்பட்ட ஐபிவி4 முறையில் முகவரி என்பது 32 பிட் எண். மொத்தம் 429 கோடி முகவரிகள்தான் அதில் சாத்தியம். அன்று அது கடல் போலத் தெரிந்தது. அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் என்ற ஒரே கல்வி நிலையத்துக்கு 1.67 கோடி முகவரிகள் போயின. 140 கோடி மக்கள் வாழும் இந்தியா முழுமைக்கும் கிடைத்தது ஏறத்தாழ நான்கு கோடி. அந்தக் கழகம் 2017இல், பயன்படுத்தாமலே கிடந்தவற்றிலிருந்து 80 லட்சம் முகவரிகளை விற்க முன்வந்தது. உலக முகவரிக் கிடங்கு 2011 பிப்ரவரியிலேயே காலியாகிவிட்டது.

கிடங்கு காலியாகும் என்பதை முன்கூட்டியே கணித்தவர்கள் இருந்தார்கள். 1994 மே மாதம் கெல் ஏகவாங், பால் ஃபிரான்சிஸ் என்ற இருவர் ஓர் ஆவணத்தை வெளியிட்டார்கள். ஓர் அலுவலகத்துக்குள் இருக்கும் கணினிகள் தமக்குள் எந்த எண்ணை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். வாசலில் இருக்கும் கருவி மட்டும் ஒரே ஒரு பொது முகவரியை வைத்துக்கொண்டு, போகும் வரும் தகவல்களில் முகவரியை மாற்றி எழுதட்டும் என்பது அதன் சாரம். முகவரி மாற்றம் என்ற பொருளில் இதை 'நாட்' என்கிறார்கள். நிரந்தரத் தீர்வு வரும்வரை சமாளிக்க ஒரு குறுகிய கால ஏற்பாடு என்றே அதை முன்வைத்தார்கள். 1996 பிப்ரவரியில், 10இல் தொடங்கும் முகவரிகளும், 172.16 முதல் 172.31 வரையிலான முகவரிகளும், 192.168இல் தொடங்கும் முகவரிகளும் தனி வலையமைப்புகளுக்கென்று ஒதுக்கப்பட்டன. பொது இன்டர்நெட்டில் இவற்றுக்கு வழி கிடையாது. அந்தக் குறுகிய கால ஏற்பாட்டுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது.

சென்னைக்கு இந்த ஏற்பாடு வந்த விதம் தனிக்கதை. கோட்டூர்புரத்திலிருந்து சர்தார் பட்டேல் சாலையைக் கடந்தால் ஐஐடி. 1986இல் மத்திய மின்னணுத் துறை தொடங்கிய எர்நெட் என்ற கல்வி, ஆய்வு வலையமைப்புத் திட்டத்தின் எட்டு நிறுவனங்களில் அதுவும் ஒன்று. பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் வழியாக. 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்ததும் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. இணைப்பு ஒன்று, கணினிகள் பத்து. ஒரு பழைய கணினியில் லினக்ஸ் ஏற்றி, இரண்டு நெட்வொர்க் கார்டுகளைச் செருகி, ஒன்றை வெளி இணைப்புக்கும் மற்றொன்றை உள்ளே இருக்கும் கணினிகளுக்கும் கொடுத்துவிட்டால் கேட்வே தயார். செலவு வன்பொருளுக்கு மட்டும்தான். லினக்ஸ் உலகில் இதை மாஸ்கரேடிங் என்றார்கள்: உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் கேட்வேயின் முகமூடியைப் போட்டுக்கொண்டு வெளியே போகிறார்கள். லினக்ஸ் கற்க விரும்பியவர்களுக்கு அன்று சென்னையில் இருந்த நல்ல வாய்ப்புகளில் ஒன்று, பல ஆண்டுகளாக மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை ஐஐடியின் கஜேந்திரா சர்க்கிள் அருகே ஒரு வகுப்பறையில் கூடிவந்த சென்னை லினக்ஸ் பயனர் குழு. கட்டணம் இல்லை, சான்றிதழும் இல்லை, தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள்.

இனி, அந்தக் கேட்வேக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

புதிதாக நிறுவிய லினக்ஸ் கணினி பொதுவாகத் தனக்கு வந்த தகவலை மட்டுமே வாங்கிக்கொள்ளும். பிறருக்கான தகவல் வந்தால் கைவிட்டுவிடும். இதைத் தீர்மானிப்பது ஐபி ஃபார்வேர்டு என்ற ஒரு அமைப்பு. அதன் மதிப்பு 0. அதை 1 என்று மாற்றினால், பிறருக்கான பாக்கெட்டை, அதாவது தகவல் துண்டை, உரிய பக்கம் தள்ளிவிடும் ரூட்டராக அதே கணினி மாறிவிடுகிறது. ஒரே ஓர் எண்ணை மாற்றுவதில் ஒரு கணினியின் இயல்பே மாறிவிடுவதை முதன்முறை பார்ப்பவர்களுக்கு வியப்பாகத்தான் இருக்கும்.

உங்கள் போன் ஒரு செய்தித் தளத்தைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது அனுப்பும் பாக்கெட்டில் நான்கு எண்கள் முக்கியம்: அனுப்புபவரின் முகவரி, அவருடைய போர்ட் எண், பெறுபவரின் முகவரி, அவருடைய போர்ட் எண். ஒரே கணினியில் நடக்கும் பல உரையாடல்களைப் பிரித்தறிய உதவுவதே போர்ட் எண்; அது 65,535 வரை போகும். பாக்கெட் கேட்வேக்கு வந்ததும், அனுப்புநர் இடத்தில் இருக்கும் 192.168.1.5 அழிக்கப்பட்டு, கேட்வேயின் பொது முகவரி எழுதப்படுகிறது. தேவைப்பட்டால் போர்ட் எண்ணும் மாறும். யாருடைய பாக்கெட், எந்த போர்ட், எங்கே போனது என்ற விவரம் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் உள்ள இணைப்பு அட்டவணையில் ஒரு வரியாகப் பதிவாகிறது. பதில் திரும்பி வரும்போது கேட்வே அந்த அட்டவணையைப் பார்த்து, பெறுநர் இடத்தில் 192.168.1.5ஐ மீண்டும் எழுதி உள்ளே அனுப்புகிறது.

இந்த ஏற்பாடு முழுவதும் அட்டவணையின் ஞாபகத்தில் நிற்கிறது. அந்த ஞாபகத்துக்கு ஆயுள் உண்டு. முறையாகத் தொடங்கி முடியும் டிசிபி இணைப்பின் வரியை, அது முடிக்கப்படாமல் சும்மா கிடந்தால்கூட, லினக்ஸ் கர்னல் இயல்பாக ஐந்து நாள் வைத்திருக்கும். யுடிபி என்ற எளிய வகையில், பதில் வராத வரி 30 விநாடியில் மறக்கப்படும். இந்த 30 விநாடியைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

இந்த மாற்றி எழுதும் வேலையைச் செய்யும் நெட்ஃபில்டர் என்ற பகுதி, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரஸ்டி ரஸல் தொடங்கியது. 2001 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.4இல் இடம்பெற்றது. அதன் முன்னணி நிரலாளர்களில் ஒருவர் ஜெர்மனியின் ஹரால்ட் வெல்டே. அவர்களுடைய நிரலைத் தன் ரூட்டரில் பயன்படுத்திக்கொண்டு, உரிம விதிப்படி மூல நிரலைக் கொடுக்காத சைட்காம் நிறுவனத்துக்கு எதிராக 2004 ஏப்ரலில் மியூனிக் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதற்கு முந்தைய ஆண்டில் லிங்க்சிஸ் நிறுவனம் தன் நீல நிற வீட்டு ரூட்டரின் மூல நிரலை வெளியிட வேண்டிவந்தது. அதிலிருந்துதான் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற பொது மென்பொருள் வளர்ந்தது. உங்கள் வீட்டு மூலையில் இருக்கும் பெட்டியின் நிரலைப் பார்க்கவும் மாற்றவும் உங்களுக்கு உரிமை இருக்கிறதென்றால், அதை இந்தச் சிலர் வாதாடிப் பெற்றுத் தந்தார்கள் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னது வெளியே போகும் வழி. உள்ளே வரும் வழிதான் சிக்கல்.

தாத்தா சேர்த்துவைத்த கச்சேரி ஒலிநாடாக்களை எண்மமாக்கி, ஒரு பழைய மடிக்கணினியில் ஏற்றி, அமெரிக்காவில் இருக்கும் அத்தை கேட்கும்படி வீட்டிலிருந்தே வழங்க ஒரு குடும்பம் விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய கணினி எதுவும் வேண்டாம். தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினி போதும். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் ஏற்றப்பட்டு வந்ததுண்டு. மடிக்கணினிக்கு வீட்டுக்குள் 192.168.1.20 என்ற முகவரி. அத்தை அந்த எண்ணைத் தட்டினால் எங்கும் போய்ச் சேராது. வீட்டின் பொது முகவரியைத் தட்டினால் கேட்வே வரை வரும். ஆனால் அட்டவணையில் இதற்கு வரி இல்லை. உள்ளே இருந்து யாரும் அத்தையை முதலில் கூப்பிடவில்லை. யாருக்கான பாக்கெட் என்று தெரியாமல் கேட்வே அதைக் கைவிட்டுவிடும்.

எண்பதுகளில் சென்னையில் வாழ்ந்தவர்களுக்கு பி.பி. நம்பர் நினைவிருக்கும். தெருவில் ஒரு வீட்டில்தான் போன். மற்றவர்கள் விசிட்டிங் கார்டில் அந்த எண்ணை அச்சடித்து, பக்கத்தில் பி.பி. என்று போட்டுக்கொள்வார்கள். இங்கிருந்து பேசுவது சுலபம்: போய், அனுமதி கேட்டு, பேசிவிட்டு வரலாம். வெளியூரிலிருந்து அழைப்பு வந்தால்தான் போன் வீட்டு மாமி, "மூணாம் வீட்டு சரோஜாவைக் கூப்பிடணுமா?" என்று கேட்டு ஆள் அனுப்ப வேண்டும். யாரைக் கேட்டால் எந்த வீடு என்று அந்த மாமிக்கு முன்பே சொல்லிவைத்திருக்க வேண்டும். கேட்வேக்கு அப்படிச் சொல்லிவைப்பதுதான் போர்ட் ஃபார்வேர்டிங். 'வெளியிலிருந்து 8443 என்ற போர்ட்டுக்கு வருவதை 192.168.1.20இன் 443க்கு அனுப்பு' என்று ஒரு விதி.

சொல்ல எளிது. செய்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. அவற்றின் காரணம் புரிந்தால் வலையமைப்பே புரிந்துவிடும்.

பெறுநரை மாற்றும் வேலை, பாக்கெட் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கர்னல் முடிவெடுப்பதற்கு முன்பே நடந்தாக வேண்டும். முடிவு பெறுநரின் முகவரியை வைத்துத்தானே எடுக்கப்படுகிறது! அனுப்புநரை மாற்றும் மாஸ்கரேடிங்கோ முடிவுக்குப் பின், பாக்கெட் வாசலைத் தாண்டும் கணத்தில் நடக்கிறது. ப்ரீரவுட்டிங், போஸ்ட்ரவுட்டிங் என்று விதிகள் இரண்டு இடங்களில் எழுதப்படுவது இதனால்தான். இவை இரண்டுக்கும் நடுவே, கடந்துபோக அனுமதி தரும் ஃபார்வேர்டு என்ற தனிச் சோதனை இருக்கிறது. முகவரியை மாற்றிவிட்டு இந்த அனுமதியை மறந்துவிடுவது மிகப் பரவலான பிழை.

இன்னொன்று திரும்பும் வழி. வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கிய பிறகு பல வீடுகளில் இரண்டு நிறுவனங்களின் இணைப்பு இருக்கிறது. அத்தையின் பாக்கெட் முதல் கேட்வே வழியாக உள்ளே வருகிறது. மடிக்கணினியோ இரண்டாவது கேட்வேயை நம்பி இருக்கிறது. பதில் அந்த வழியாக வேறொரு பொது முகவரியோடு வெளியேறுகிறது. தான் கேட்ட இடத்திலிருந்து வராத பதிலை அத்தையின் கணினி ஏற்காது. எந்த வாசலில் வந்ததோ அந்த வாசலிலேயே பதில் போக வேண்டும்.

மிக அழகான புதிர் மூன்றாவது. விதி எல்லாம் சரி. அத்தைக்கு வேலை செய்கிறது. வீட்டுக்குள் அதே பொது முகவரியைத் தட்டிப் பார்க்கும் பேரனுக்கு மட்டும் வேலை செய்யவில்லை. காரணம்: பேரனின் போன் 192.168.1.5 அனுப்பிய பாக்கெட்டில் பெறுநரை மட்டும் மாற்றி, கேட்வே அதை மடிக்கணினிக்குத் தள்ளுகிறது. அனுப்புநர் தன் வீட்டு ஆள்தான் என்று மடிக்கணினி பார்க்கிறது. கேட்வேயைத் தொடாமல் நேராகப் பதில் அனுப்பிவிடுகிறது. போன் எதிர்பார்த்திருப்பது பொது முகவரியிலிருந்து வரும் பதில். 192.168.1.20இடமிருந்து வருவது அதற்கு அந்நியம், தள்ளிவிடுகிறது. இப்படி உள்ளே இருந்து புறப்பட்டு உள்ளேயே திரும்பும் பாக்கெட்டுக்கு, அனுப்புநர் இடத்திலும் கேட்வே தன் பெயரை எழுதினால் பதில் தன் வழியே திரும்பும். ஹேர்பின் நாட் என்று இதற்குப் பெயர்.

சென்னையில் போர்ட் ஃபார்வேர்டிங் அதிகம் செய்தவர்கள் கணினிப் பொறியாளர்கள் அல்ல, சிசிடிவி பொருத்த வந்தவர்கள் என்று தோன்றுகிறது. முதலாளி வெளியூரிலிருந்து கடையைப் பார்க்க வேண்டும். ரூட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டுப் போய்விடுவார்கள். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் அப்படியே இருக்கும். 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் இப்படித் திறந்து கிடந்த, லினக்ஸில் ஓடும் கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும், ஆலைக் கடவுச்சொற்களின் ஒரு சிறு பட்டியலை வைத்துக்கொண்டே கைப்பற்றியது. அக்டோபர் 21 அன்று அந்தக் கருவிகளின் படை, தளப் பெயர்களுக்கு ஐபி முகவரி சொல்லும் டைன் நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவில் பலருக்கும் மணிக்கணக்கில் கிடைக்காமல் போயின. கதவு திறப்பவருக்கு, யாருக்குத் திறக்கிறோம் என்ற பொறுப்பும் உண்டு.

இதெல்லாம் கதவு நம் கையில் இருக்கும்போது. இன்று பல வீடுகளில் அதுவும் இல்லை. பொது முகவரி தீர்ந்துபோனதால், இணைய நிறுவனங்கள் தம் பக்கத்திலும் ஒரு பெரிய நாட் கருவியை வைத்து, பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. வீட்டுக்கு ஆயிரம் போர்ட் என்று பங்கிட்டால், ஒரே முகவரியில் அறுபது வீடுகளுக்கு மேல் அடங்கும். இதற்கென்றே 2012 ஏப்ரலில் 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள் ஒதுக்கப்பட்டன. உங்கள் ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரி இந்த எல்லைக்குள் இருந்தால், நீங்கள் இரட்டை முகமூடிக்குள் இருக்கிறீர்கள். வீட்டுக் கேட்வேயில் எத்தனை விதி எழுதினாலும் பயனில்லை. அழைப்பு அதற்கு முந்தைய வாசலிலேயே நின்றுவிடும்.

இதில் ஒரு நீதிப் பிரச்சினையும் ஒளிந்திருக்கிறது. ஐபி முகவரியை வைத்து ஆளைத் தேடும் காவல்துறைக்கு, முகவரி மட்டும் தெரிந்தால் கிடைப்பது ஒரு தெரு முழுக்க வீடுகள். போர்ட் எண்ணும், விநாடி பிசகாத நேரமும் இருந்தால்தான் ஒரு வீடு கிடைக்கும். 2007இல், இத்தகைய பகிர்வு வீடுகளுக்குப் பரவும் முன்பே, தவறாகக் கொடுக்கப்பட்ட ஐபி விவரத்தால் பெங்களூரைச் சேர்ந்த ஒரு மென்பொருள் பொறியாளர், தான் செய்யாத குற்றத்துக்காக, சுமார் 50 நாள் சிறையில் இருந்தார். 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை இணையப் பதிவுகளைக் குறைந்தது இரண்டாண்டு வைத்திருக்கச் சொன்னது. பதிவு இருந்தாலும், அதில் எந்த வரியைப் படிப்பது என்று விசாரிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என்னை அதிகம் உறுத்துவது வேறு. இன்டர்நெட் என்பது எந்த முனையும் எந்த முனையோடும் பேசும் ஏற்பாடாகத் தொடங்கியது. சந்தா கட்டுபவர் வாங்க மட்டும்தான் வருவார், வழங்க மாட்டார் என்ற அனுமானம் இந்த இரட்டை வாசலில் கட்டப்பட்டிருக்கிறது. அதனால் தாத்தாவின் கச்சேரிகள் யாரோ ஒரு பெருநிறுவனத்தின் சேமிப்புக் கிடங்குக்குப் போய், அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டுத்தான் அத்தையை அடைய முடிகிறது. வீட்டு மடிக்கணினிக்கு அந்த வேலையைச் செய்யும் திறன் இருந்தும் இது நடக்கிறது.

சுற்றுவழி ஒன்று உண்டு, அதையும் லினக்ஸே தருகிறது. பொது முகவரி உள்ள ஒரு சிறு லினக்ஸ் கணினியை மும்பையிலோ சிங்கப்பூரிலோ மாதம் சில நூறு ரூபாய்க்கு வாடகைக்கு எடுக்கலாம். அதற்கும் வீட்டு மடிக்கணினிக்கும் இடையே ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதிய வயர்கார்டு மூலம் மறையாக்கம் செய்த ஒரு சுரங்கம் போட வேண்டும். 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 முதல் அது கர்னலிலேயே இருக்கிறது. சுரங்கத்தைத் தோண்டத் தொடங்குவது வீட்டுப் பக்கம், அதாவது வெளியே போகும் வழி. எத்தனை நாட் இருந்தாலும் அது தடைபடாது. அத்தை வாடகைக் கணினியைத் தட்டுவார்; அது சுரங்கத்தின் வழியே வீட்டுக்குத் தள்ளும். யுடிபியில் ஓடும் இந்தச் சுரங்கம் பேச்சின்றிக் கிடந்தால் நடுவில் உள்ள வாசல்கள் மறந்துவிடும் என்பதால், 25 விநாடிக்கு ஒருமுறை வெறும் பாக்கெட் ஒன்றை அனுப்பச் சொல்வது வழக்கம். அந்த 30 விநாடி மறதிக்கு ஐந்து விநாடி முன்னால்!

இங்கும் திரும்பும் வழிப் பிரச்சினை தலைகாட்டும். வாடகைக் கணினி, அனுப்புநர் இடத்தில் தன் பெயரை எழுதிவிட்டால் பதில் ஒழுங்காகத் திரும்பும். ஆனால் மடிக்கணினியின் பதிவேட்டில் வந்தவர் எல்லோரும் ஒரே ஆளாகத் தெரிவார்கள். யார் வந்தார் என்பது முக்கியமென்றால் பெயரை மாற்றாமல் விட்டு, சுரங்கத்தில் வந்ததற்குச் சுரங்கத்திலேயே பதில் போகும்படி மடிக்கணினியில் தனி வழித்தட விதி எழுத வேண்டும். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். அத்துமீறி நுழைய யாராவது முயன்றால் அவருடைய முகவரி தெரிவது பாதுகாப்புக்கு அவசியம்.

நிரந்தரத் தீர்வு ஐபிவி6. முகவரி 128 பிட். ஒரு வீட்டுக்குக் கொடுக்கப்படும் மிகச் சிறிய பங்கிலேயே பழைய இன்டர்நெட்டின் மொத்த முகவரிகளைப் போல 429 கோடி மடங்கு அடங்கும். இந்த ஒரு விஷயத்தில் இந்தியா பின்தங்கவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததிலிருந்து வேகம் கூடி, இன்று நம் நாட்டு இணையப் பயன்பாட்டாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐபிவி6இல் இருக்கிறார்கள். உலகின் முன்வரிசை இது. அங்கே மடிக்கணினிக்கே சொந்தப் பொது முகவரி. கேட்வே எதையும் மாற்றி எழுத வேண்டாம். ஃபார்வேர்டு சோதனையில், 'இந்த முகவரியின் 443க்கு வருவதை விடு' என்று ஒரே ஒரு வரி போதும். நாட் போனால் பாதுகாப்பும் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். பாதுகாப்பைத் தருவது அந்தச் சோதனைதான். முகவரியை மாற்றி எழுதுவது பஞ்சத்துக்குச் செய்த ஏற்பாடு மட்டுமே.

முகவரி வந்த பிறகும், நிறுவனங்கள் கொடுக்கும் ரூட்டர்கள் பலவற்றில் அந்த ஒரு வரியை எழுதும் பக்கம் பூட்டப்பட்டிருக்கிறது; அல்லது ரூட்டரை அணைத்துப் போடும்போதெல்லாம் வீட்டுக்குக் கொடுத்த முகவரித் தொகுதி மாறிவிடுகிறது. ஆகவே புது இணைப்பு வாங்கும்போது வேகத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். ஐபிவி6 முகவரித் தொகுதி மாறாமல் இருக்குமா, உள்வரும் இணைப்புக்கான ஃபயர்வால் பக்கத்தை நான் திறக்க முடியுமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றால் பொது ஐபிவி4 முகவரிக்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. அமெரிக்காவின் பெரிய செல்போன் நிறுவனங்கள் ஏற்கெனவே ஐபிவி6இல்தான் பேசுகின்றன, அத்தையின் போனும் அநேகமாக அவற்றில் ஒன்றில்தான் இருக்கும்.